சுவர்ணா ஏறி உட்காரும்வரை

ஐம்பது அறுபது பெண்கள் சேர்ந்து அம்பாளின் ஆயிரம் நாமங்களைச் சொல்லிக்கொண்டு போகிறார்கள். முன்வரிசையில் மைக்கைப் பிடித்து அவர்களை நடத்திக்கொண்டு போகிறவள் நான். எனக்கு இரண்டு பக்கமும் என்னோடு வேலை பார்க்கும் எட்டுப் பெண்கள். பாதியை நெருங்கும்போது, ஒரு சுலோகம் முடிந்த இடத்தில், நாங்கள் ஒன்பது பேரும் ஒரே நேரத்தில் வாயை மூடிக்கொண்டோம்.

யாரும் யாருக்கும் சைகை காட்டவில்லை. யாருக்கும் எதுவும் மறந்துபோகவில்லை. தன்னால் நின்றுவிட்டது.

பின்னால் புத்தகத்தைப் பார்த்துச் சொல்லிக்கொண்டிருந்தவர்கள் இன்னும் இரண்டு நாமம் போனார்கள். மைக்கில் குரல் வரவில்லை என்று தெரிந்ததும் ஒவ்வொருவராக நிறுத்திவிட்டார்கள். சைனிக்புரி அம்மன் கோவில் கூடத்தில் மின்விசிறி சுற்றுகிற சத்தம் மட்டும் கேட்டது. சந்நிதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்த என் நாத்தனார் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். அந்தப் பார்வையை எனக்கு இருபது வருஷமாகத் தெரியும்.

நாங்கள் எட்டுப் பேரும் சுவர்ணாவுக்காகக் காத்திருந்தோம். சுவர்ணாவோ எனக்கு இடது பக்கம் மூன்றாவது ஆளாக, ஏற்கெனவே நன்றாகவே உட்கார்ந்திருந்தாள்.

இது விளங்க வேண்டுமானால் உங்களை எங்கள் கம்பெனி பஸ்ஸில் ஏற்ற வேண்டும்.

ஆறு மணி பஸ்

போன வாரம் பட்டான்செரு மருந்துக் கம்பெனியில், பரிசோதனைக் கூடத்து வேலைக்கு நான் சேர்ந்த கதையை எழுதியிருந்தேன். உப்பலில் வீட்டை வைத்துக்கொண்டு பட்டான்செருவில் வேலை பார்ப்பவளுக்குப் புத்தி இருக்கிறதா என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். இல்லைதான் ஐயா. ஊரின் ஒரு கோடியில் ஏறி மறுகோடியில் இறங்க வேண்டும். போக ஒன்றரை மணி, வர இரண்டு மணி. ஆனால் அந்த ஒன்றரை மணிதான் எனக்கு அம்பாளைக் கொடுத்தது.

ஆரம்பத்தில் யாரும் சேர்ந்து சொல்லவில்லை. நான் ஜன்னல் பக்கம் சாய்ந்து எனக்குள்ளேயே முணுமுணுத்துக்கொண்டு வருவேன். ஒருநாள் முன் சீட்டுப் பெண்ணின் முணுமுணுப்பு காதில் விழுந்தது. நான் எந்த நாமத்தில் இருந்தேனோ அவளும் அதே நாமத்தில் இருந்தாள். இருவரும் திரும்பிப் பார்த்துச் சிரித்துவிட்டு, நிறுத்தாமல் கடைசிவரை சேர்ந்தே சொல்லி முடித்தோம். அடுத்த வாரம் நான்கு பேர். மழைக்காலம் முடிவதற்குள் எட்டுப் பேர். எல்லோரும் பரிசோதனைக் கூடத்துப் பெண்கள். ஆறு பேர் தெலுங்கு, ஒருத்தி கன்னடம், நான் ஒருத்திதான் தமிழ்.

நயீம் பாய்தான் டிரைவர். நாங்கள் ஆரம்பித்தால் அவரே எஃப்.எம்.மை அணைத்துவிடுவார். யாரும் கேட்டுக்கொள்ளவில்லை. வருஷக்கணக்காகக் கேட்டுக் கேட்டு எங்கே இருக்கிறோம் என்று அவருக்கும் தெரிந்துவிட்டது. "க்யா மேடம், இன்னைக்கு மெதுவா போறீங்க? பேகம்பேட் வந்துருச்சே" என்று கண்ணாடியில் பார்த்துச் சொல்லுவார். பதினைந்து வருஷம் தமிழ்க்காரர்களை ஏற்றி இறக்கியதில் வந்த தமிழ் அது.

செருப்பு ஒரு பிரச்சினையாக இருந்தது. செருப்புக் காலோடு அம்பாளைச் சொல்லக் கூடாது என்று கழற்றி சீட்டுக்கு அடியில் விட்டுவிடுவோம். ஒருநாள் தார்னாகா சிக்னலில் நயீம் பாய் போட்ட பிரேக்கில் எட்டு ஜோடிச் செருப்பும் சரசரவென்று அவர் காலடிக்குப் போய்விட்டன. சொல்லுவதை நிறுத்த முடியாது. முப்பது நிமிஷம் கழித்து, முடித்த பிறகுதான் போய் அவரவர் செருப்பைத் தேடினோம். நான் அன்று முழுவதும் இடது காலுக்கு ஏழாம் நம்பர், வலது காலுக்கு ஐந்தாம் நம்பர் போட்டுக்கொண்டு நடந்தேன். அதற்குப் பிறகு ஆளுக்கொரு துணிப்பை.

தார்னாகாவில் ஆரம்பித்தால் கூகட்பல்லிக்கு முன்னால் முடித்தாக வேண்டும். அங்கே உற்பத்திப் பிரிவு ஆட்கள் ஏறிவிடுவார்கள். பஸ் நிறைந்துவிடும். கிரிக்கெட், இன்க்ரிமெண்ட், மாமியார் எல்லாம் ஆரம்பித்துவிடும்.

அமீர்பேட்டில் ஒருத்தி

சுவர்ணா ஐந்தாறு வருஷம் முன்பு வேலைக்குச் சேர்ந்தாள். கரீம்நகர்ப் பெண். அமீர்பேட்டில் பெண்கள் ஹாஸ்டலில் இருந்தாள். சின்ன வயதிலேயே வலது கால் பலமிழந்துவிட்டது. முழங்கால்வரை இரும்புப் பட்டை கட்டியிருப்பாள். அந்தக் காலை இரண்டு கையாலும் தூக்கிப் படியில் வைத்து, கம்பியைப் பிடித்து, உடம்பை மேலே இழுத்து ஏற வேண்டும். யாராவது கை கொடுக்கப் போனால், "ஒத்து அக்கா, நேனே எக்குதா" என்பாள். வேண்டாம், நானே ஏறுகிறேன் என்று அர்த்தம்.

வந்த முதல் மாதம் சும்மா கேட்டுக்கொண்டு வந்தாள். அப்புறம் ஒருநாள் தனக்கும் மனப்பாடம் என்று சொன்னாள். "ஆனா நான் ஏறும்போது பாதி முடிஞ்சுபோயிடுதே அக்கா. பாதி அம்மாவைக் கும்பிட முடியுமா?" என்று தெலுங்கில் கேட்டாள்.

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தோம். அதைச் சொல்லும்போது இன்றைக்கும் எனக்குக் கொஞ்சம் கர்வம் வரும். மறைக்கப் போவதில்லை.

தார்னாகாவில் நாங்கள் ஆரம்பிக்கும்போது நான் சுவர்ணாவுக்கு ஒரு மிஸ்டு கால் கொடுப்பேன். அவள் ஹாஸ்டல் வாசலில் இருந்து நடந்துகொண்டே ஆரம்பிப்பாள். நாங்கள் பஸ்ஸில், அவள் ரோட்டில். நாங்கள் செகந்திராபாத் தாண்டும்போது அவள் டீக்கடை தாண்டுவாள். அமீர்பேட் மெட்ரோ தூண் தெரிந்ததும் நாங்கள் வேகத்தைக் கூட்டியோ குறைத்தோ அந்த ஒரு சுலோகத்துக்கு வந்துவிடுவோம். அவளும் அதே இடத்துக்கு வந்து நின்றிருப்பாள். அது எந்த இடம் என்று நான் எழுதப் போவதில்லை. எழுதினால் நாளைக்கு நீங்களும் அங்கே நின்றுவிடுவீர்கள்.

அந்த இடத்தில் நாங்கள் நிறுத்துவோம். அவள் ஏறுவாள். ஏறும்போது அவளால் சொல்ல முடியாது. மூச்சு முழுவதும் அந்த மூன்று படிக்கு வேண்டும். சீட்டில் உட்கார்ந்து, காலை நேராக்கி, பையை மடியில் வைத்துக்கொண்டு, அடுத்த நாமத்தை அவள்தான் முதலில் தனியாகச் சொல்லுவாள். அது கேட்ட பிறகுதான் நாங்கள் சேர்ந்துகொள்வோம். நயீம் பாயும் அந்தக் குரல் கேட்ட பிறகுதான் கியர் போடுவார்.

வாரத்துக்கு ஆறு நாள் வீதம் வருஷக்கணக்காக இப்படியே நடந்தது. இப்போது தெரிகிறதா, கோவில் கூடத்தில் நாங்கள் ஏன் நின்றோம் என்று? மைக்குக்கும் மின்விசிறிக்கும் நடுவில், எங்கள் வாய்க்கு மட்டும் அமீர்பேட் வந்துவிட்டது.

லாலாகுடா சங்கதி

இங்கே கொஞ்சம் பின்னால் போய்விட்டு வருகிறேன்.

என் அப்பா லாலாகுடா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். தாத்தா காலத்திலேயே காட்பாடிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். எங்கள் காலனியில் எல்லாச் சாதியும் உண்டு, எல்லா மதமும் உண்டு. ஆனால் சமஸ்கிருதச் சுலோகம் சொல்லுகிற வீடுகள் வேறு வரிசையில் இருந்தன. வெள்ளிக்கிழமை சாயங்காலம் அந்த வரிசையிலிருந்து இந்த ஆயிரம் நாமம் கேட்கும். நான் ஹோம்வொர்க்கை வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருப்பேன். அப்பா பார்த்துவிட்டு, "அதெல்லாம் அவங்க சொல்றது. நம்பளுக்கு இல்லம்மா" என்றார். அதட்டலாகச் சொல்லவில்லை. தண்ணீர்க் குழாய் எந்தப் பக்கம் இருக்கிறது என்று சொல்லுகிற மாதிரிதான் சொன்னார். அதனால்தான் அது இத்தனை நாள் மனதில் நின்றது.

முப்பத்தைந்து வயதுக்கு மேல், ஒரு கடையில் தமிழ் எழுத்தில் அச்சடித்த சின்னப் புத்தகம் கிடைத்தது. க என்ற ஒரே எழுத்துக்குத் தலையில் இரண்டு, மூன்று, நான்கு என்று எண் போட்டு, அது எந்த க என்று காட்டியிருந்தார்கள். எனக்கு அது சிரமமாகவே இல்லை. எங்கள் பரிசோதனைக் கூடத்தில் ஒரு மூலக்கூறின் பெயரில் இதைவிட அதிக எண் இருக்கும். ஒரு வருஷத்தில் முழுவதும் மனப்பாடம் செய்தேன். குரு என்று யாரும் இல்லை. தப்புச் சொன்னால் தெலுங்குப் பெண்கள் திருத்துவார்கள். அவர்கள் எழுத்தில் எல்லாச் சத்தமும் இருக்கிறது, என்ன செய்வது.

எங்கள் தொழிலில் ஒரு பொருளுக்கு ஒரு பெயர்தான் இருக்க வேண்டும். இரண்டு பெயர் இருந்தால் ஆபத்து. இங்கே ஒருத்திக்கு ஆயிரம் பெயர். ஒன்றில் அவள் புன்னகைக்கிறாள், அடுத்ததில் அரக்கர்களைக் கொல்லுகிறாள். நாள் முழுக்க லேபிள் ஒட்டுகிறவளுக்கு அந்தத் தாராளம் எவ்வளவு பெரிய ஆறுதல் என்று சொன்னால் புரியாது.

அண்ணி

இனி என் நாத்தனார். நான் அண்ணி என்றுதான் கூப்பிடுவேன். என் கணவருக்கு அக்கா, என்னைவிடப் பதினைந்து வயது பெரியவர். அவருடைய வீட்டுக்காரர் ராணுவத்தில் சுபேதாராக இருந்து ஓய்வு பெற்று, சைனிக்புரியில் வீடு கட்டினார். ராணுவத்தில் இருந்தது அவர்தான், ஆனால் அணிவகுப்பு நடத்துவது அண்ணி. கோவில் கூடத்தில் வெள்ளிக்கிழமை நாலு மணி என்றால் நாலு மணிக்குப் பாராயணம். நாலு மணி ஒரு நிமிஷத்துக்கு வருகிறவர் பின்வரிசை. எவ்வளவு பெரிய ஆபீசர் மனைவியாக இருந்தாலும் பின்வரிசைதான்.

முன்வரிசை என்பது மனப்பாடமாக, சுத்தமாகச் சொல்லுகிறவர்களுக்கு. கல்யாணமான புதிதில் இருந்து எனக்கு அந்த முன்வரிசையின் மேல் ஒரு கண். மனப்பாடம் ஆனதும் அண்ணியிடம் போய்ச் சொன்னேன்.

"எங்க கத்துக்கினே?" என்றார்.

"பஸ்ல அண்ணி."

"பஸ்ல சினிமாப் பாட்டு கத்துக்கலாம் செல்வி. இதுக்கு மடி இருக்குது, ஆசாரம் இருக்குது. நக்கோ" என்றார்.

வேண்டாம் என்கிற அந்த நக்கோவை நான் வருஷக்கணக்காகச் சுமந்தேன். ஒவ்வொரு நவராத்திரிக்கும் போய் கடைசி வரிசையில் உட்கார்ந்து, முன்வரிசைக்காரர்கள் மூச்சு வாங்குகிற இடங்களை எண்ணிக்கொண்டிருப்பேன். அப்பா சொன்ன 'நம்பளுக்கு இல்ல' ஒரு பக்கம், அண்ணியின் நக்கோ ஒரு பக்கம். அந்த முன்வரிசையில் எங்கள் பஸ் பெண்களோடு ஒரு தடவை உட்கார்ந்தால் போதும் என்று இருந்தது. அதற்கு மேல் நான் அம்பாளிடம் எதுவும் கேட்டதில்லை.

போன வருஷம் அந்த வாய்ப்பு வந்தது. அண்ணியின் கோஷ்டியை நடத்திக்கொண்டிருந்த டீச்சரம்மாவுக்குத் தொண்டை கெட்டுப்போய், ஆறு மாதம் பேசக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். நவராத்திரிக்கு மூன்று வாரம்தான் இருந்தது. அண்ணி எனக்குப் போன் செய்து, "உன் பஸ் கோஷ்டியைக் கூட்டிக்கினு ஞாயித்துக்கெழமை வா. பாக்கலாம்" என்றார்.

அந்தப் 'பாக்கலாம்' நடந்த ஞாயிறன்றுதான் நாங்கள் நின்றது.

எடுத்துவிடு

கூடத்துக்குத் திரும்புகிறேன். அந்த மௌனத்தில் எட்டுப் பேரும் சுவர்ணாவைப் பார்த்தோம். அவளும் பழக்கத்தில் நின்றுவிட்டாள். அடுத்த நாமம் அவளுடையது. ஆனால் அத்தனை முகமும் தன்னைப் பார்ப்பதைக் கண்டு அவளுக்கு வாய் வரவில்லை. கடைசியில் மிகச் சின்னக் குரலில் அந்த நாமத்தைச் சொன்னாள். நாங்கள் பிடித்துக்கொண்டோம். மிச்சமிருந்த ஐந்நூற்றுச் சொச்சம் நாமமும் ஒரு பிசிறு இல்லாமல் போயிற்று. அப்படி ஒரு கட்டுக்கோப்பை அந்தக் கூடம் கேட்டதில்லை என்று பிறகு இரண்டு மூன்று பேர் வந்து சொன்னார்கள்.

அண்ணி எல்லோரும் போனபிறகு வந்தார்.

"நல்லா சொல்றீங்க. எனக்குப் பொய் சொல்ல வராது, நல்லாவே சொல்றீங்க. நடுவுல கைக்கு நின்னீங்க?" கைக்கு என்றால் எங்கள் ஊரில் 'ஏன்'.

நான் அமீர்பேட் கதையைச் சொன்னேன். அண்ணி சுவர்ணாவின் காலைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"அது பஸ்ல சரி. இங்க யாரும் ஏறப் போறதில்ல. நவராத்திரி வெள்ளிக்கெழமை முன்வரிசை உங்களுக்கு. அந்த நிக்கிறத மட்டும் எடுத்துவிடு. நல்ல நாள்ல நடுவுல சத்தம் நின்னா ஜனங்க அபசகுனம்னு பேசுவாங்க."

"எடுத்துடறோம் அண்ணி" என்றேன்.

யோசிக்கவே இல்லை. அவ்வளவு ஆசை.

ஏழு நாமம்

பழக்கத்தை எடுக்க வேண்டுமானால் பஸ்ஸிலேயே எடுக்க வேண்டும். சுவர்ணாவிடம் கேட்டேன். "பர்வாலேது அக்கா, ப்ராக்டிஸ்தானே" என்றாள்.

மறுநாள் காலை அமீர்பேட்டில் நாங்கள் நிற்கவில்லை. சொல்லிக்கொண்டே இருந்தோம். சுவர்ணா ஏறினாள், உட்கார்ந்தாள், பையை மடியில் வைத்தாள், எங்களோடு சேர்ந்துகொண்டாள். நயீம் பாய்தான் குழம்பிப்போனார். எந்தக் குரலுக்குக் கியர் போடுவது என்று தெரியாமல் திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

இரண்டாவது நாள் எனக்கே சந்தோஷமாக இருந்தது. நிற்காமல் ஓடப் பழகிவிட்டது. மூன்றாவது நாள் முன் சீட்டில் ஏதோ மூட்டை இருந்ததால் சுவர்ணா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள்.

முடித்தோம். கூகட்பல்லி வந்தது. ஆட்கள் ஏறினார்கள், பேச்சு ஆரம்பித்தது. சுவர்ணாவின் உதடு மட்டும் இன்னும் அசைந்துகொண்டிருந்தது. நான் குனிந்து கேட்டேன். விட்டுப்போன நாமங்களைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் படி ஏறும் நேரத்தில் எங்களுக்கு ஓடிப்போன ஏழு நாமம். ஏழையும் மெதுவாக, வரிசையாகச் சொல்லி, விரல்களைக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள்.

"மூணு நாளா இப்படியா?" என்று கேட்டேன்.

தலையாட்டினாள்.

"ஏன் சொல்லலை?"

"நீங்க அந்த முன்வரிசைக்கு எவ்வளவு நாளா ஆசைப்படறீங்கன்னு எனக்குத் தெரியும் அக்கா. ஏழுதானே. பின்னாடி சொல்லிக்கலாம்."

எனக்கு வெட்கமாக இருந்தது. எங்கள் பரிசோதனைக் கூடத்தில் ஒரு பதிவேட்டில் ஏழு வரி விட்டுப்போனால், அந்த மருந்து எவ்வளவு நன்றாக இருந்தாலும் வெளியே போகாது. அந்த விதியை மற்றவர்களுக்குக் கற்றுக்கொடுக்கிற சீனியர் நான். ஒருத்தியின் ஏழு நாமத்தை எடுத்துக் கொடுத்து ஒரு வரிசையில் இடம் வாங்கப் பார்த்திருக்கிறேன். என்னை 'நம்பளுக்கு இல்ல' என்று நிறுத்தியபோது வலித்த வலி எனக்குத் தெரியும். தெரிந்தும் அதையே அவளுக்குச் செய்திருக்கிறேன், அதுவும் அம்பாள் பெயரால்.

பட்டான்செருவில் இறங்கும்போது எட்டுப் பேரையும் நிறுத்திச் சொன்னேன். நாளையிலிருந்து நிற்போம், எங்கே போனாலும் நிற்போம் என்று. கன்னடக்காரி, "அப்ப சைனிக்புரி?" என்றாள். "நான் பேசறேன்" என்றேன். சுவர்ணா வேண்டாம் வேண்டாம் என்று என் கையைப் பிடித்தாள். எனக்கு முன்கோபம் அதிகம். "இது உனக்காக இல்லை, பேசாம இரு" என்று ஒரு அதட்டல் போட்டேன்.

மதியச் சாப்பாட்டு வேளையில்

கேண்டீனுக்கு வெளியே நின்று அண்ணிக்குப் போன் செய்தேன். கையில் டிபன் பாக்ஸ். சாப்பிடவில்லை.

"அண்ணி, நாங்க அந்த எடத்துல நிப்போம். நிக்கக் கூடாதுன்னா நாங்க வரலை."

அந்தப் பக்கம் குக்கர் விசில் மூன்று வந்தது.

"இருபது வருஷமா அந்த எடத்துக்கு ஆசைப்பட்டவ நீ."

"ஹவ் அண்ணி, ஆமா. இப்பவும் ஆசைதான்."

"அந்தப் பொண்ணு ஏதாச்சும் சொல்லிச்சா?"

"அவ ஒண்ணும் சொல்லலை. அவ சொல்லாததுதான் என்னால தாங்க முடியலை. நாங்க நின்னா யாருக்கும் ஒரு நாமமும் கொறையாது அண்ணி. நிக்கலைன்னா ஒருத்திக்கு ஏழு கொறையுது."

"இங்க அவ ஒக்காந்துதானே இருப்பா. இங்க எப்படிக் கொறையும்?"

நியாயமான கேள்விதான். டிபன் பாக்ஸைக் கை மாற்றிக்கொண்டு சொன்னேன். "இங்க நிக்காம சொல்லணும்னா அங்க நிக்காம பழகணும். அங்க பழகிட்டோம்னா அவளுக்காக நின்னதே இல்லாமப் போயிடும். அண்ணி, எங்க பாராயணமே அந்த எடத்துல இருந்துதான் வந்துச்சு. அதை வெளியில கழட்டி வெச்சிட்டு வர எங்களால முடியாது."

அண்ணி பெருமூச்சு விட்டது கேட்டது.

"வாங்க. நீங்க நிக்கணும்னா நின்னுக்கோங்க. என் கோஷ்டி நிக்காது. ரெண்டு மைக் வெக்கச் சொல்றேன். உங்களுக்கு ஒண்ணு, எனக்கு ஒண்ணு. நீங்க நிக்கறப்ப நான் சொல்லிக்கினு போவேன். ஜனங்களுக்குச் சத்தம் நிக்கக் கூடாது."

அது ராணுவ முடிவு. மறுபேச்சு கிடையாது.

வெள்ளிக்கிழமை

நவராத்திரி வெள்ளிக்கிழமை அரைநாள் பர்மிஷன் போட்டுவிட்டு ஒன்பது பேரும் கிளம்பினோம். நயீம் பாய் தன் தம்பியின் வேனை அனுப்பி வைத்தார். கூடத்தில் நாங்கள் எதிர்பார்த்ததைவிடக் கூட்டம். மல்லிகையும் சுண்டலும் சூடமும் கலந்த வாசனை. முன்வரிசையில் ஒன்பது பாய் போட்டு வைத்திருந்தார்கள். சுவர்ணாவுக்கு மட்டும் ஒரு சின்ன ஸ்டூல். யார் போட்டது என்று யாரும் சொல்லவில்லை.

ஒரு மைக் எனக்கு முன்னால். இன்னொன்று சந்நிதிப் பக்கம், அண்ணிக்கு முன்னால். நாலு மணி அடித்தது, ஆரம்பித்தோம்.

எங்கள் ஒன்பது குரலும் அன்றைக்குச் சேர்ந்த மாதிரி என்றைக்கும் சேர்ந்ததில்லை. எங்களுக்குப் பின்னால் நூறு குரல் எங்களை நம்பி வந்துகொண்டிருந்தது. லாலாகுடா ஃபிட்டர் மகள் முன்னால் போகிறாள், ஆபீசர் மனைவிமார் பின்னால் வருகிறார்கள். அப்பா இருந்து பார்த்திருக்க வேண்டும் என்று நினைத்தேன். கண்ணில் தண்ணீர் வந்தது, கூப்பிய கையைப் பிரிக்க மனமில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

அந்தச் சுலோகம் வந்தது. முடிந்தது. நாங்கள் நின்றோம்.

எங்களுக்குப் பின்னால் இருந்தவர்களுக்கு அண்ணி முன்கூட்டியே சொல்லி வைத்திருப்பார் போலிருக்கிறது. அவர்கள் நிற்காமல் போகத் தயாராகத்தான் இருந்தார்கள். அண்ணியின் குரல் மைக்கில் கணீரென்று அடுத்த நாமத்தைச் சொன்னது. கூடமும் சொன்னது.

சுவர்ணாவின் நாமம் அது. எங்களுக்குள் அதை முதலில் சொல்லுகிறவள் அவள்.

நான் திரும்பி அவளைப் பார்த்தேன். அவள் ஸ்டூலில் உட்கார்ந்தபடி, இரும்புப் பட்டை போட்ட காலை இரண்டு கையாலும் பிடித்திருந்தாள். பஸ் படியில் வைப்பதற்கு முன்னால் பிடிப்பாளே, அதே பிடி. அவளே அறியாமல் பிடித்திருந்தாள். வாய் மூடியிருந்தது. அவள் உடம்பு இன்னும் ஏறிக்கொண்டிருந்தது.

அதை நான் பார்த்த அதே நேரத்தில் அண்ணியும் பார்த்திருக்க வேண்டும். ஏனென்றால் மைக்கில் அதற்கு அடுத்த நாமம் வரவில்லை.

கூடம் தடுமாறியது. ஓரிரு குரல் முன்னால் போய்த் திரும்பி வந்தது. அண்ணி கையை உயர்த்தினார், மற்றவர்களும் அடங்கினார்கள். நான் பயந்த அந்த மௌனம் வந்தது. ஆனால் இந்தத் தடவை யாரும் எங்களைப் பார்க்கவில்லை. எல்லோரும் சுவர்ணாவைப் பார்த்தார்கள். சுவர்ணா காலை நேராக்கி, முந்தானையைச் சரிசெய்து, நிமிர்ந்து, தன் நாமத்தைச் சொன்னாள். சின்னக் குரலில் இல்லை. அமீர்பேட்டில், மெட்ரோ தூணுக்குக் கீழே, பஸ்ஸுக்குள் சொல்லுகிற குரலில்.

நாங்கள் எட்டுப் பேரும் சேர்வதற்கு முன்பே, அண்ணி அவளோடு சேர்ந்தார். ஏற்கெனவே ஒரு தடவை சொல்லிவிட்ட அந்த நாமத்தை, அவளுக்காக இன்னொரு தடவை.

அன்றைக்கு அந்தக் கூடத்தில் அம்பாளுக்கு ஆயிரத்தொரு நாமம்.